எனக்கு வராத அழைப்பு

அழைப்பு என் மனைவிக்குத்தான் வந்தது. எனக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். அவள் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். நான் கல்பாக்கத்தில் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பர். விடிந்ததும் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், சாயங்காலம் திரும்புவேன். சிமெண்ட், கம்பி, கையுறை, ஆணி எல்லாம் என் பொறுப்பு. யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு கொண்டுவந்தால்தான் சாமானைக் கொடுப்பேன். சீட்டு இல்லாமல் கடவுளே வந்து கேட்டாலும் ஒரு ஆணி வெளியே போகாது என்று அங்கே என்னைக் கேலி செய்வார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. சபையில் எங்களுக்காக ஜெபிக்காத ஆள் கிடையாது. சிலர் எங்களை முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்தே ஜெபித்தார்கள். எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களைச் சத்தமாக வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு மிஷனரி அம்மாள் எங்கள் சபை ஹாலில் ஸ்லைடு காட்டினார். போதகரின் வெள்ளை வேட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தோம். சண்டையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருக்கும் ஒரு விடுதி. பிள்ளைகள் வரிசையாகத் தகரத் தட்டுகளோடு நின்றார்கள். ஹால் முழுக்க ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டியது. நானும் கொட்டினேன். ஸ்லைடு மாறியது.

“ஏங்க, ரெண்டாவது வரிசையில ஒரு பொண்ணு நின்னுச்சே, இடது கால் பெருவிரல் பழுத்துப் போயிருக்குது. பாத்தீங்களா?” என்றாள் என் மனைவி, என் காதில்.

“பாக்கலையே.”

அவள் எழுந்து நின்றாள். எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து கேள்வி கேட்பது வழக்கமில்லை. அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டார்கள். நேராகச் சுவர்வரைக்கும் நடந்து போனாள். அவள் நிழல் பாதிப் பிள்ளைகளை மறைத்தது. அந்தக் காலைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு மருந்து போட்டாங்களாம்மா?” என்று கேட்டாள்.

மிஷனரி அம்மாள் தன் படத்தையே முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். “தெரியவில்லை அம்மா. எங்களிடம் நர்ஸ் இல்லை” என்றார்.

அவ்வளவுதான். வெளிச்சமோ குரலோ எதுவும் வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பேசிக்கொண்டிருந்த வேறு எதையோ பாதியில் நிறுத்திவிட்டு, “நான் அங்க போகணுங்க” என்றாள். கடைக்குப் போக வேண்டும் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மிஷனரி அம்மாளை அனுப்பிய சங்கத்திலிருந்து விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். ‘ஊழியத்துக்கு ஆண்டவரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்த அழைப்பைப் பற்றி எழுதவும்’ என்று போட்டு அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அவள் அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்துக்குள் எழுதிவிட்டாள். என் அரைப் பக்கம் அப்படியே கிடந்தது.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சபையில் யாரிடமாவது சும்மா பேச்சுக்கொடுத்தாலும், “நீங்க எப்ப பிரதர் இரட்சிக்கப்பட்டீங்க?” என்று கேட்பார்கள். பதிலாக, ஆண்டவர் நம்மைத் தொட்டு மாற்றிய நாள் என்று ஒரு தேதி சொல்ல வேண்டும். நேரமும் சொன்னால் இன்னும் விசேஷம். நானோ பாட்டன் காலத்திலிருந்து சர்ச்சுக்கு, எங்கள் பேச்சில் கோவிலுக்கு, போகிற குடும்பம். தவழ்ந்தே கோவிலுக்குள் போனவனுக்கு என்ன தேதி? அதனால் அந்த அனுபவத்தை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லும் கூட்டங்களில் நான் செருப்பு அடுக்குவது, பாய் விரிப்பது என்று எதையாவது இழுத்துப்போட்டுக்கொண்டு தப்பித்துவிடுவேன். இப்போது ஒரு படிவம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

உண்மையாகவே முயற்சி செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். தலைவலிதான் வந்தது. வேலை முடிந்ததும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் கடற்கரையில் போய் உட்காருவேன். எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஆண்டவரே, நான் தட்டாமல் கிளம்பிவிடுகிறேன் என்று கேட்பேன். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

“இன்னா சார், டெய்லி வந்து குந்திகினு கீறே? வூட்ல எதுனா பேஜாரா?”

“அதெல்லாம் இல்லப்பா. ஒரு சேதி வரணும். அதுக்காக உக்காந்திருக்கேன்.”

“சேதியா? போஸ்ட் ஆபீஸு அந்தாண்ட கீது சார். இங்க குந்திகினா காத்துதான் வரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, “உங்களுக்கு வரலைன்னா வேணாங்க. ஆண்டவர் கூப்பிட்டா ரெண்டு பேரையும் சேத்துதான் கூப்பிடுவாரு. இது வெறும் என்னோட ஆசையா இருக்கும்” என்றாள். படிவங்களை மடித்துப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன்பு அந்த மிஷனரி அம்மாளிடமிருந்து அந்த நாட்டுப் பாஷையில் நாலைந்து பக்கம் எழுதி வாங்கி வைத்திருந்தாள். காய் நறுக்கும்போதும் துணி அலசும்போதும் மனப்பாடம் செய்வாள். சமையலறையிலிருந்து புரியாத பாஷையில் ஏதோ கேட்கும். என்னடி அர்த்தம் என்பேன். ‘எங்கே வலிக்குது?’ என்பாள். இன்னொன்று, ‘பயப்படாதே, மெதுவாத்தான் தொடுவேன்.’ படிவங்கள் பெட்டிக்குள் போனதோடு அந்தச் சத்தம் நின்றுபோனது. அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு போட்டாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். சமையலறை மட்டும் அமைதியாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. சங்கத்தார் எடுத்துக்கொள்ளும் வயது முப்பத்தைந்துவரைதான். அவளுக்கு முப்பத்துமூன்று முடிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்து என் படிவத்தை எடுத்து எழுதினேன். சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு எழுதுவது கஷ்டமாகவே இல்லை. காலை பஸ்ஸில் வேதம் வாசித்துக்கொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படும் திருப்பத்தில் ஒரு வசனம் என்னோடு பேசியது. கண்ணீர் வழிய இறங்கி நின்றேன். இப்படி எழுதியதில் அரைப் பக்கம் சரியாக நிறைந்தது. அவளிடம் நீட்டினேன்.

அரைப் பக்கத்தை அவள் வெகுநேரம் படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்ச் சேமியாப் பாயசம் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வண்டி என் கையில் நிற்கவில்லை. போதகர் என்னை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லச் சொன்னார். சொன்னேன். கழுகுக் கோவில் மலைக்கு எதிரே ஆண்டவர் பேசினார் என்பது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு திருப்பமே கிடைக்கவில்லையா பிரதர் என்று தனியாகக் கேட்டார். ஆனாலும் மறுவாரம் வாலிபர் கூட்டத்தில் சொல்லச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. மூன்றாவது தடவை பஸ் தானாக நின்றது. நான்காவது தடவை மலை உச்சியிலிருந்து ஒரு கழுகு பறந்து வந்து என் ஜன்னல் பக்கமாக வட்டமிட்டது. ஒரு மூதாட்டி முழங்கால் வலிக்கு என் கையை வைத்து ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன். அவர் வலி குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குப் பெரிய கலக்கமாகப் போய்விட்டது.

ஒவ்வொரு கூட்டத்திலும் என் மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்து, மடியில் கைகோர்த்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேர்காணல் மாமல்லபுரத்தில் நடந்தது. சங்கத்தார் ஒரு சவுக்குத் தோப்புக்குள் இருந்த பங்களாவை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். பக்கத்தில் எங்கோ சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற டாக்டர் அம்மாள், தலை பஞ்சாக நரைத்திருந்தது. இரண்டு பக்கமும் கோட்டு போட்ட இரண்டு பெரியவர்கள்.

கோட்டு போட்டவர்களில் ஒருவர் முதலில் அவளிடம் கேட்டார். “தப்பாக நினைக்கக் கூடாது. உங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால்தானே இந்த எண்ணம்?”

எனக்குக் காது சூடானது. அவள் அசையவில்லை. “இருந்திருந்தா அதையும் கூட்டிட்டுப் போயிருப்பேன் ஐயா” என்றாள். அவர் அதற்கப்புறம் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு என் முறை. அன்றைக்குப் போல நான் என்றைக்கும் சொன்னதில்லை. பஸ் நின்றது, கழுகு வந்தது, கண்ணீரும் வந்தது. கோட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தலைவி என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

“உன் வீட்டுக்காரர் இதை முதலில் சொன்னபோது உனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்குமே?”

அவள் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“அம்மா, இவருக்கு பஸ்ல ஒரு வரி படிச்சா வாந்தி வந்துடும்.”

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“கல்யாணமான புதுசுல திண்டிவனம் போறப்ப ஒரு சினிமா நோட்டீஸைப் படிச்சார். நாலு வரிதான் இருக்கும். என் புதுப் புடவை மேலயே எடுத்துட்டார். அன்னிலேர்ந்து பஸ்ல டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பாக்க மாட்டார். அவர் எழுதினதைப் படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. எனக்காகத்தான் எழுதியிருக்கார்.” அவள் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. “தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். போகணும்னு அவ்வளவு ஆசை. அவர் சொன்னது ஒரு பொய்யின்னா, நான் சும்மா இருந்தது அதைவிடப் பெரிய பொய். இதைச் சுமந்துட்டுப் போய் அந்தப் புள்ளைங்க முன்னாடி நிக்க முடியாதும்மா. எங்களை மன்னிச்சுடுங்க.”

தலைவி என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை.

“அப்படியானால் நீங்கள் எதற்காகப் போக நினைத்தீர்கள்?”

“இவ போறா. அதான்.”

“அது காரணம் இல்லையே.”

“இவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாதும்மா” என்றேன். அத்தனை நாளாக நான் சொன்ன சாட்சிகளில் அது ஒன்றுதான் நிஜம். ஆனால் அதைச் சொல்லும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

கோட்டுக்காரர் ஃபைலை மூடினார்.

தோப்பு வழியாகப் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? நாலு பேர் முன்னாடி என்னை நிக்கவெச்சு அசிங்கப்படுத்தணுமா?”

“நீங்களே நிறுத்துவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்தேன். நீங்க என்னடான்னா கழுகையெல்லாம் பறக்க வுட்டீங்க.”

“கழுகு நல்லாத்தானே இருந்துச்சு?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. இரண்டு பேரும் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, வெட்கம் மானம் இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வேர்க்கடலை விற்றவள் எங்களைப் பார்த்து, இதுகளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல நின்றாள். அவளிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வரும்வரை என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி இவள் என்னோடுதான் இருப்பாள் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் நான் கூசுகிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. என்னை எடுக்க முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டரை வருஷம், தனியாக. அதற்குக் கணவரின் சம்மதம் தேவை. கூடவே ஒரு தாள், அச்சடித்த ஒரே வரி: ‘என் மனைவி தனியாக ஊழியத்துக்குச் செல்ல நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

“நீங்க போடலைன்னாலும் நான் ஒன்னும் கேக்க மாட்டேங்க” என்றாள். அவள் அப்படித்தான், சொன்னால் சொன்னதுதான். நான் போடாவிட்டால் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நாலு நாள் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் பேசும் என்பதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜம் வேறு. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது எங்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எட்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். அவள் போய்விட்டால் நான் போய்த்தான் அதை ஏற்ற வேண்டும். எனக்கு அதற்குத்தான் பயம்.

ஐந்தாம் நாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நின்றபடியே பேனாவை எடுத்தேன். அந்த வரியைப் படித்தேன். ‘முழு’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வரும்போது அவள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, என்ன இது?”

“இன்னொரு தடவை பொய் எழுதச் சொல்றியா?”

“முழு மனசு இல்லாம ஏன் அனுப்பறீங்க? வேணாங்க. நான் போகலை.”

“போகாதன்னுதான் மனசு சொல்லுது. அதை மறைச்சு என்ன பண்றது?” என்றேன். “ஆனா நீ இந்தச் சமையல்கட்டுல வாயை மூடிக்கிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியலை. அதைவிட நீ போறதே மேல். போய்ட்டு வா.”

அத்தனை மாதத்தில் அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய அழுதாள். நானும் அழுதேன்.

அந்தத் தாளை அப்படியே உறையில் போட்டு அனுப்பினோம். அடித்திருந்த சொல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நர்ஸ் தேவைப்பட்டது. மழைக்காலம் முடிந்ததும் அவள் கிளம்பினாள். மீனம்பாக்கத்தில் தடுப்புக்கு அந்தப்புறம் போய், திரும்பி, நேரத்துக்குச் சாப்பிடுங்க என்றாள். நான் தலையாட்டினேன்.

இரண்டரை வருஷம் அவள் அங்கே இருந்தாள். வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். அந்த இரண்டரை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் முழு மனதோடு சம்மதித்ததில்லை. ஒரு கடிதத்தில்கூட திரும்பி வந்துவிடு என்று எழுதவும் இல்லை.